நான் பெயின்ட் அடித்த கதவு

எங்கள் பக்கத்தில் ஆண்களுக்கு வீடு கிடையாது. பிறப்பது உம்மாவின் வீட்டில், வாழ்வது பெண்சாதியின் வீட்டில், தலை நரைத்த பிறகு ஒதுங்குவது மகளுக்குக் கொடுத்த வீட்டின் பின்னறையில். கல்முனைக்குடியில் பெண் பிள்ளை பிறந்தால், பெயர் வைப்பதற்கு முன்பே தகப்பன் கல் விலை விசாரிக்கத் தொடங்கிவிடுவான். கலியாணத்தன்று மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு அந்த வீட்டுக்கு வந்து சேருவான். நானும் அப்படித்தான் வந்தேன். (பெட்டியில் பாதி புத்தகம்.)

மாமனார் கட்டிய வீட்டில் நெடுங்காலம் இருக்கும் ஆணுக்கு ஒரு நோய் பிடிக்கும். இங்கே என் கைபட்டதாக ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் என்ற நோய். எனக்கு அது முற்றியிருந்தது. சமைக்கும் குசினியில் பைப்புக்கு வொஷர் மாற்றினேன். அதற்குப் பிறகு அந்தப் பைப்பின் கீழ் நிரந்தரமாக ஒரு வாளி குடியேறியது. கடற்காற்றில் உப்புப் பூத்த சுவருக்குச் சீமெந்து பூசினேன். அது அடக்கமாக இருந்துவிட்டு, பெருநாளன்று மச்சானின் புரியாணித் தட்டில் விழுந்தது. என் மனைவி ஜெமீலா ஒவ்வொரு தடவையும் ஒன்றைத்தான் சொல்வாள்: "நீங்க படிப்பிக்கிறதோட நில்லுங்க."

நான் படிப்பித்தது விஞ்ஞானம்.

எங்கள் மகள் சிபானாவுக்குச் சம்மாந்துறையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து அவள் கறிக்கு இரண்டு முறை உப்புப் போட்டாள். நானும் ஜெமீலாவும் தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சாப்பிட்டோம். மாப்பிள்ளையின் உம்மா, மூத்த சகோதரியான ராத்தா, பெரியப்பா மூவரும் வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பின் வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். எங்கள் ஊரில் வீடு பார்ப்பதென்றால் மெய்யாகவே வீட்டைத்தான் பார்ப்பார்கள். மகளுக்கு எழுதிக் கொடுக்கப்போகும் வீடல்லவா. முன்னர் இரண்டு இடத்தார் வந்து, "பழைய வீடுதானே" என்று எழும்பிப் போயிருந்தார்கள். அந்த இரண்டு நாளும் சிபானா அறையை விட்டு வெளியே வரவில்லை.

"உள்ளறைக் கதவு உரசுது. ஓடாவியாருக்குச் சொல்லுங்க" என்றாள் ஜெமீலா. தச்சு வேலை செய்பவரை நாங்கள் ஓடாவி என்போம்.

"ஒரு கதவுக்கு ஓடாவியா?"

"ஓம். அது உங்கட கைக்குப் போகாம இருக்கத்தான்."

இதற்கு மேல் ஓர் ஆணுக்கு என்ன தூண்டுதல் வேண்டும்? கைத்தொலைபேசியில் ஒரு வீடியோ பார்த்தேன். அதில் ஒருவர் நல்ல வெயிலில் நின்று கதவுக்குப் பெயின்ட் அடித்தார். எங்களுக்கோ மாரி மழைக்காலம், கொடியில் போட்ட சாரம் கூடக் காயவில்லை. ஆனாலும் பச்சை எனாமல் வாங்கி வந்து கதவுக்கு அடித்தேன், விளிம்புக்கு அடித்தேன், நிலைக்கு அடித்தேன். மிச்சம் இருந்ததே என்று கதவைத் தாங்கும் பிணைச்சலுக்கும் அதன் ஸ்குரூவுக்கும் அடித்தேன். பழைய பிடியைக் கழற்றி, பிஸ்கட் டின்னில் கிடந்த குட்டி ஸ்குரூக்களால் புதுப் பிடி ஒன்று பூட்டினேன். வெள்ளி பின்னேரம் விரலால் தொட்டுப் பார்த்தேன். ஒட்டவில்லை. தோல் காய்ந்ததைக் கண்டு உடம்பும் காய்ந்ததாக எண்ணிக்கொண்டேன்.

மழையோடு மழையாக அவர்கள் வந்தார்கள். பெரியப்பா நெல் ஆலை வைத்திருப்பவர். மூட்டையைத் தட்டிப் பார்ப்பதுபோலச் சுவர்களைத் தட்டிக்கொண்டே மண்டபத்தில் உட்கார்ந்தார். பெண்கள் இருவரும் சிபானா இருந்த உள்ளறைக்குள் போனார்கள். அவர்கள் முகத்திரையை எடுத்துவிட்டு ஆறுதலாக இருக்கட்டும் என்று, நானே மரியாதையாகக் கதவைச் சாத்தினேன். கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. பெரியப்பா பார்த்துக்கொண்டிருந்தபடியால் முழுப் பலத்தோடும் இழுத்தேன். கதவு நிலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ஜெமீலா இனிப்பு வட்டிலப்பத் தட்டோடு வந்து தள்ளினாள். அசையவில்லை. நான் தள்ளினேன். சும்மா தள்ளிப் பயனில்லை, ஆட்டிப் பார்ப்போம் என்று பிடியைப் பற்றினேன். பிடி என் கையோடு வந்துவிட்டது.

"என்ன மாஸ்டர்?" என்றார் பெரியப்பா.

"ஒண்டுமில்ல. கள்ளனுக்காகக் கொஞ்சம் பலமாச் செஞ்ச கதவு."

"கள்ளன் உள்ள வராம இருக்கவோ, வந்தவன் வெளிய போகாம இருக்கவோ?"

உள்ளே பெண்கள் தட்டத் தொடங்கினார்கள். ஜெமீலா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் போனாள். ஜன்னல் கம்பிக்குள் தட்டு நுழையாதபடியால், வட்டிலப்பத்தைத் தேத்தண்ணிக் கோப்பையில் போட்டு ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். (சம்பந்தம் கதைக்க வந்தவர்களைக் கம்பிக்கு வெளியே நின்று உபசரித்த குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.)

பெரியப்பா எழும்பி வந்து நிலையைத் தடவினார். விரல் பச்சையானது.

"ஆர் இந்த வேலை செஞ்ச?"

"ஓடாவிதான்" என்றேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

"எந்த ஓடாவி? பேரச் சொல்லுங்க. எங்கட ஆலைப் பக்கம் வராமப் பாத்துக்கொள்ளலாம்."

எங்கள் வீதியில் ஓர் ஓடாவி இருந்தார். இந்தக் கதவைத் தொடாத மனிதர். உழைத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறவர். அவருடைய பெயர் என் நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. அப்போது கதவுக்கு உள்ளேயிருந்து சிபானாவின் குரல் கேட்டது.

"வாப்பா, ஆர்ர பேரையும் சொல்லிப் போடாதீங்க. பெரியப்பா, அது வாப்பா அடிச்ச பெயின்ட். ஓடாவி வரவேயில்ல."

பெரியப்பா தன் பச்சை விரலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இந்தச் சம்பந்தமும் போய்விட்டது, அதையும் என் மகளே தன் வாயால் அனுப்பிவிட்டாள் என்று நினைத்தேன்.

அவள் மறுபடியும் கதைத்தாள். "பிணைச்சலும் ஸ்குரூவும் உள்பக்கம்தான் கிடக்கு. ஜன்னலால ஸ்குரூ ட்ரைவரத் தாங்க, கழட்டிப் பாக்கிறன்."

கொடுத்தோம். ஆனால் ஸ்குரூவின் வெட்டுகளை நான்தான் பெயின்டால் நிரப்பி வைத்திருந்தேனே. உள்ளே சுரண்டுகிற சத்தம் கேட்டது. பின்னர்தான் தெரியும்: மாப்பிள்ளையின் உம்மா தன் முக்காட்டு ஊசியைக் கழற்றி, நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு ஸ்குரூவாகச் சுரண்டியிருக்கிறார். சிபானா கழற்றியிருக்கிறாள். ராத்தா கதவைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். இடைக்கிடை மூவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என்னைப் பற்றியது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

பொழுது பட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது கதவு பெயர்ந்தது. வெளியே வந்த மாப்பிள்ளையின் உம்மாவுடைய கறுப்பு ஹபாயா அங்கியில் தோளிலிருந்து முழங்கால் வரை ஒரு பச்சைக் கோடு. கை கால் கழுவி வுளூச் செய்து தொழுதார், சலாம் சொன்னார், போய்விட்டார். அதன் பிறகு சில நாட்கள் எங்கள் வீட்டில் யாரும் என்னோடு கதைக்கவில்லை. நானும் என்னோடு கதைக்கவில்லை. அந்த ஓடாவியாரை வீதியில் கண்டால் மறுபக்கம் திரும்பி நடந்தேன்.

பிறகு தொலைபேசி வந்தது. மாப்பிள்ளையின் உம்மாதான். ஜெமீலா ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"வீடு பாக்கத்தான் வந்த. உங்கட மாஸ்டர் அடைச்சு வெச்சதால பொண்ணையே வடிவாப் பாத்திட்டன். பெத்த வாப்பாவுக்காகக் கூடப் பொய்க்குத் துணை போகாத பிள்ளை, என்ட மகனுக்கும் போகாது. எங்களுக்குச் சரி. ஒரு நிபந்தனை."

ஜெமீலாவின் முகம் வெளுத்தது. இன்னும் ஒரு வளவு நிலம் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தாள்.

"மாஸ்டர் அந்த வீட்டில இனிச் சுத்தியல், பிரஷ் ஒண்டும் தொடப்படாது."

ஓம் என்று நான் சொல்வதற்குள் ஜெமீலா சொல்லிவிட்டாள். நிக்காஹ்வுக்கு வந்த எல்லோருக்கும் மாப்பிள்ளை கொடுத்த மஹர் எவ்வளவென்று தெரியுமோ தெரியாது, இந்த நிபந்தனை தெரிந்திருந்தது. கதவைச் சீவித் திரும்பப் பூட்ட அந்த ஓடாவியார் வந்தபோது, அவருடைய பெயரைச் சொல்லப் பார்த்ததை அவரிடமே சொன்னேன். அவர் சீவுளியை நிறுத்தாமல், "நல்ல வேளை மாஸ்டர், இந்தப் பச்சைக்கெல்லாம் என்னால பொறுப்பெடுக்க ஏலாது" என்றார்.

உங்களுக்கு என்னால் சொல்லக்கூடிய வீட்டுப் பராமரிப்பு ஆலோசனை இவ்வளவுதான்: மாரியில் கதவுக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள். அடித்தால், அடித்தது நீங்கள்தான் என்று சொல்லிவிடுங்கள்.

இந்தக் கதையை விருந்துகளில் சொல்வது ஜெமீலாவின் உரிமையாக இருந்தது. அவள் சொல்லச் சொல்ல, உள்ளே அடைபட்ட மூன்று பேர் ஐந்தாகி, ஏழானார்கள். "மூணு பேர்தானே" என்று நான் ஒவ்வொரு முறையும் திருத்துவேன். அவள் மௌத்தாகி மண்ணுக்குப் போன பிறகு சொல்வது நான்தான். போன பெருநாளுக்கும் சொன்னேன். ஏழு பேர் என்றே சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த அறைக்குள் உட்கார்ந்து ஊசியால் சுரண்டிய சம்மந்தி, வட்டிலப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஓம், ஏழு பேர்தான்" என்றார்.