காட்டெருமையும் என் மனு இங்கிலீஷும்

எனக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். பொய்யில்லை. என்ன, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பதானாலும் மனுதான் போட முடியும்.

பழனி தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரிடம் இரண்டு வருஷம் உட்கார்ந்து கற்றது அது. ஐம்பதுகளின் கடைசியில், மலைமேல் செண்பகனூர்ப் பக்கம் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதியில் மூன்று மாதத் தற்காலிகக் குமாஸ்தாவானேன். வேலை நிரந்தரமானால்தான் பெண் தருவேன் என்று மாமா கறாராகச் சொல்லிவிட்டார். விடுதியின் சர்க்கரை பெர்மிட்டுக்கு நான் சர்க்காருக்கு எழுதிய மனு ஒரே வாரத்தில் பாஸானது. ஆனால் நான் வாயைத் திறந்தாலே மானேஜர் துரை தலையில் அடித்துக்கொள்வார். "சாதாரணமாகப் பேசு!" என்பார். அவர்கள் ஒற்றை வார்த்தையில் பேசிக்கொள்வது எனக்கோ மரியாதைக்குறைவாகப் பட்டது.

கடைசி வாரம் மாமா என்னைப் பார்க்க வந்தார். புல்வெளியில் ஒரு துரைசானி டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பத்தடி பின்னால், சோலையிலிருந்து இறங்கி வந்த காட்டெருமை ஒன்று நின்றது.

"மாப்ளே, வெரசாப் போய்ச் சொல்லு!" என்றார் மாமா.

போனேன். கையைக் கட்டிக்கொண்டேன்.

"ரெஸ்பெக்டட் மேடம், ஐ மோஸ்ட் ஹம்பிளி பெக் டு பிரிங் டு யுவர் கைண்ட் நோட்டீஸ்..."

துரைசானி கோப்பையை வைத்துவிட்டுப் புன்னகையோடு கேட்டார். எருமை நாலடி வந்தது.

"...தட் விதவுட் எனி ஃபால்ட் ஆஃப் மைன்..."

'பைசன்' என்ற சொல்லுக்கு நான் வந்து சேர்வதற்குள், அது அவர் தொப்பியை முகர்ந்துவிட்டது. மேஜை கவிழ்ந்தது. துரைசானி ஒரு பக்கம் ஓட, எருமை மிரண்டு மறுபக்கம் ஓடியது. (நான் வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.)

"எம்புட்டு நேரமாப் பேசுன! அப்பிடி என்னதான் சொன்ன?" என்றார் மாமா.

"எருமை நிக்கிதுன்னு சொன்னேன் மாமா."

வேலையும் போச்சு, பெண்ணும் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாயங்காலம் மானேஜர் கூப்பிட்டார். வேலை நிரந்தரம், ஆனால் சர்க்காருக்குக் கடிதம் எழுதுவது மட்டுமே என் சோலி, விருந்தாளிகள் முன்னால் வாயைத் திறக்கவே கூடாது என்றார்.

மாமா பெண்ணைக் கொடுத்தார், எருமைக் கதையையும் சேர்த்து. இன்றைக்கும் அடுப்பில் பால் பொங்கினால், என் மனைவி கையைக் கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நிற்பாள்.

"ரெஸ்பெக்டட் சார், ஐ மோஸ்ட் ஹம்பிளி பெக்..."

மீதியைக் கேட்க நான் நிற்பதில்லை. அடுப்பை அணைக்க ஓடிவிடுவேன்.