நாற்பது செக்கனில் நின்ற பொன்னுருக்கு

என் எழுபத்து மூன்று வயதுக்குள் நான் தொலைத்த பொருள்கள் பதினொன்று. பத்தை எங்கே தொலைத்தேன் என்று இப்போதும் சொல்வேன். (குடைகள் மட்டும் நான்கு.) பதினோராவது, என் மகனின் பொன்னுருக்கு நேரம். முப்பத்தொரு பேர் கூடியிருந்த, கண்டிக்குப் பக்கத்து எங்கள் அம்பிட்டிய வீட்டு ஹோலில், காலை வெளிச்சத்தில், என் பொறுப்பில் இருக்கும்போதே அது காணாமல் போனது.

பொன்னுருக்கு என்பது எங்கள் யாழ்ப்பாணத்து வழக்கம். தாலிக்கான பொன்னை மாப்பிள்ளை வீட்டில் வைத்து, நல்ல நேரத்துக்குள், எல்லோரும் பார்க்க, நகை செய்யும் பத்தர் உருக்குவார். பெண் வீட்டார் மலையகத்துக் கம்பளைக்காரர். சம்பந்திக்கு அங்கே இரும்புக்கடை. அவர்களுக்கு இந்தச் சடங்கு புதிது. போதாததற்குப் பெண்ணின் அத்தைக்கு எங்கள் சம்பந்தத்தில் முழுச் சம்மதம் இல்லை. சகுனம் ஒன்று பிசகினாலும் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவேன் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

நேரம் காலை 6.44 முதல் 6.58 வரை. பதினான்கு நிமிடம். நில அளவையாளனாக முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன் என்பதால் நேரம் பார்க்கும் பொறுப்பு எனக்கு. எங்கள் வீட்டில் மணிக்கூடுகள் ஐந்து. ஐந்தும் ஐந்து நேரம் காட்டின.

"அப்பா, ஃபோனிலை நேரம் சரியாத்தானே கிடக்கு?" என்றான் மகன்.

"அதிலை செக்கன் முள் இல்லை."

"பொன்னுருக்க ஏன் செக்கன்?"

நான் ஐந்து மணிக்கூட்டையும் இன்னொரு தரம் சுற்றிப் பார்த்தேன்.

அந்த வாரம் எங்கே போனாலும் ராக்கெட் பேச்சுத்தான். அமெரிக்காவில் ஒரு தனியார் கம்பனி ராட்சத ராக்கெட் ஒன்றை விடப்போகிறது, எங்கள் நேரப்படி காலை 6.46க்கு, ரி.வி.யிலும் காட்டப்போகிறார்கள் என்றார்கள். 6.46! எனக்கு உடம்பு புல்லரித்தது. இவ்வளவு பெரிய ராக்கெட்டை விடுகிறவர்களுடைய கடிகாரத்தை விடத் துல்லியமான கடிகாரம் உலகத்தில் உண்டா? ரி.வி.யைத் திறந்து வைப்பது, திரையில் பூச்சியம் வந்ததும் நான் கையைக் காட்டுவது, பத்தர் ஊதத் தொடங்குவது. இதுதான் என் திட்டம். (மனைவி வேண்டாம் என்று சொன்னாள். மூன்று தரம்.)

ஹோலின் கிழக்குச் சுவரோடு கும்பம், பத்தர், கரி நெருப்பு. மேற்குச் சுவரில் ரி.வி. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது என்பதை, காணி காணியாக அளந்த நான் அளக்க மறந்துவிட்டேன்.

"இதுல யாருங்க போறாங்க?" என்று அத்தை கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை."

"ஆளே போகாததுக்கா இத்தனை பேரு நின்னு வழியனுப்புறாங்க?"

விளக்க வாயெடுத்தேன். அதற்குள் திரையில் ஒரு நிமிடம். ஐம்பது. நாற்பத்தைந்து. நான் கையை உயர்த்தினேன். பத்தர் கன்னத்தை உப்பினார். நாற்பது.

நாற்பது.

நாற்பது.

"இன்னும் நாப்பது செக்கன்!" என்றேன். எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். பிறகு விட்டார்கள். மறுபடி பிடித்தார்கள். எண் அசையவில்லை. திரையில் யாரோ ஆங்கிலத்தில் வேகமாக என்னவோ சொன்னார்கள். எனக்குக் காதில் விழவில்லை. என் முழுக் கவனமும் எண்ணில் இருந்தது.

"இஞ்சாருங்கோ, நேரம் போகுது," என்றாள் மனைவி.

"பொறும். நாப்பது செக்கன்தான்."

சம்பந்தி மெல்லக் கிட்ட வந்தார். "சம்பந்தி, இது எத்தனையாவது நாப்பது?"

"ஏதோ சுணக்கம்."

"தனியார்னு சொன்னீங்களே. ஆள் நிரம்பாம எடுக்க மாட்டாங்க. நம்ம கம்பளை பஸ் மாதிரிதான்."

நாதஸ்வரக்காரர் சிரிப்பை அடக்க வாத்தியத்தை வாயில் வைத்தார். அது ஒரு தரம் பீப்பென்றது. சரியாக அப்போது எண் நகர்ந்தது. முப்பத்தொன்பது! முப்பத்தெட்டு!

பூச்சியம் வந்தபோது நான் கையைக் காட்டினேனா? தெரியாது. திரை முழுக்க நெருப்பு. முப்பத்தொரு பேரும் ரி.வி.க்கு முன்னால். என் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அத்தை எழுந்து நின்று கும்பிட்டார். யாரைக் கும்பிட்டார் என்று அவருக்கே தெரியாது. ராக்கெட் போய்க்கொண்டே இருந்தது. பிறகு அதன் கீழ்ப்பாதி கழன்று, திரும்பி, புறப்பட்ட இடத்தை நோக்கி விழத் தொடங்கியது. அங்கே எல்லோரும் கைதட்டினார்கள்.

"விழுறதுக்கு ஏங்க தட்டுறாங்க?" என்றார் அத்தை.

"விழேல்லை, அது வருது."

"போனது ஏன் வருது?"

அந்தக் கீழ்ப்பாதி நெருப்பைக் கக்கியபடி நிமிர்ந்து வந்து நின்றது. அப்போதுதான் எனக்குப் பொன் நினைவு வந்தது. திரும்பிப் பார்த்தேன். கரி தணிந்திருந்தது. தட்டில், மஞ்சள் மணியாக, உருகி ஆறிய பொன். பத்தர் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"எப்ப உருக்கினனீங்கள்?"

"நீங்கள் நாப்பது, நாப்பது எண்டு நிண்டியள். நெருப்புத் தணியப் பாத்துது. ஊதினன்."

"அது எத்தனை மணிக்கு?"

"நேரம் பாக்கிறது நீங்கள் எண்டு சொன்னவை."

மகனின் ஃபோனைப் பார்த்தேன். 7.03. பொன் 6.58க்கு முன் உருகியதா, பின் உருகியதா? முப்பத்தொரு பேரில் ஒருவரும் பார்க்கவில்லை.

அத்தை சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். "பொன்னு உருகுனத யாருமே பாக்கல. கெளம்பிப் போனதும் பாதியில திரும்பி வந்துருச்சு. இதுக்கு மேல என்னா சகுனம் வேணும்? தள்ளிப் போடுங்க."

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற மகனின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஹோலின் சீமெந்துக் கட்டங்களை எண்ணத் தொடங்கினேன்.

பதினாறாவது கட்டத்தில் சம்பந்தியின் குரல் கேட்டது. "அக்கா, எம் புள்ள கல்யாணம் முடிஞ்சு மாப்பிள்ளையோட கட்டாருக்குப் போறா. அவ்வளவு ஒசரம் போனதே பொறப்பட்ட எடத்துக்குப் பத்திரமா திரும்பி வந்து நிக்குது. எனக்கு இது போதும். இதவிட நல்ல சகுனத்த நான் எங்க போய்த் தேடுவேன்?"

அத்தை அவரைப் பார்த்தார். திரையில் நின்ற இரும்புக் குழாயைப் பார்த்தார். கடைசியாக என்னையும் பார்த்தார். "சரி. ஆனா கல்யாணத்தன்னைக்கு நேரம் பாக்குறது இவரு இல்ல," என்றார்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. நேரம் பார்த்தவர் அத்தை.

இரண்டு வருடம் கழித்து மருமகள் பிரசவத்துக்குக் கண்டிக்கு வந்தாள். பேராதனையில் ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரும் காத்திருந்தோம். பிறந்த நேரம் வேண்டுமே என்று, பழக்க தோஷத்தில், நான் கையைத் திருப்பி மணிக்கூட்டைப் பார்த்தேன்.

"ஐயோ, அவரப் பாக்க வுடாதீங்க," என்றார் அத்தை. "புள்ள நாப்பதுல நின்னுரும்."

மகன் சிரித்தான். சம்பந்தி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் மனைவி கையை நீட்டினாள். மணிக்கூட்டைக் கழற்றிக் கொடுத்தேன். அவள் அதைக் கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

என் பேத்தி எத்தனை மணிக்குப் பிறந்தாள் என்பது குடும்பத்தில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.