நூற்றுப் பதினெட்டுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவே

நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தைப் புரட்டியதும் கணக்கு டீச்சருக்குப் பகீரென்றது. அடுத்து வரவேண்டியது நூற்றுப் பத்தொன்பது. வந்திருந்ததோ அவள் கைப்பட எழுதிய கடிதம்.

‘குடும்பச் சூழ்நிலை காரணமாக எம்.எட். படிப்பிலிருந்து விலகிக்கொள்ள அனுமதிக்குமாறு...’

எழுதி ஒன்றரை வருடமாகிறது. அப்போது குழந்தைக்கு விடாத காய்ச்சல். பள்ளியில் திருத்த மூட்டை மூட்டையாகப் பரீட்சைத் தாள். போதாததற்கு, கணக்கு டீச்சரே புள்ளியியலில் பெயில்! கொடுத்துவிடத்தான் நினைத்தாள். ஆனால் சனிக்கிழமை வகுப்புக்குப் போனால் கூடப் படிக்கும் அறிவியல் டீச்சர், டிரில் மாஸ்டர், நர்சரி டீச்சர் மூவரும் பெஞ்சில் இடம் பிடித்து வைத்துக்கொண்டு “வாங்க, வாங்க” என்பார்கள். எந்த முகத்தோடு கொடுப்பது? கடிதம் ஆய்வேட்டுத் தாள்களுக்குள் அடையாளச் சீட்டாகத் தங்கிவிட்டது. பைண்டிங்காரர் அதையும் சேர்த்துத் தைத்துவிட்டார்.

இந்த லட்சணத்தில் ஆய்வின் தலைப்பு: ‘மாணவர்கள் ஏன் பாதியில் படிப்பை விடுகிறார்கள்?’

மணி மூன்றரை. ஐந்துக்குள் அலுவலகத்தில் கொடுக்காவிட்டால் பட்டம் அடுத்த வருடம்தான். மற்ற மூவரும் தங்களுடையதைக் கொடுத்துவிட்டு வராந்தாவில் அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

“என்ன டீச்சர், பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?” என்றார் டிரில் மாஸ்டர்.

“ஒரு தாள் தப்பா சேர்ந்துடுச்சு.”

“இவ்வளவுதானா? கிழிச்சா போச்சு!”

எழுத்து தெரியாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு இழுத்தாள். கடிதம் வந்தது. கூடவே நூற்றுப் பத்தொன்பதும் நூற்று இருபதும் வந்தன. கடிதத்தை மட்டும் அவசரமாகப் பைலுக்குள் திணித்தாள்.

“ஒட்டிடலாங்க்கா.” நர்சரி டீச்சர் பையில் எப்போதும் கோந்து இருக்கும். ஐந்தே நிமிடத்தில் இரண்டு தாளும் ஒட்டிக்கொண்டு ஒரே அட்டையாயின.

“தள்ளுங்க, பக்குவமா நெம்பணும்” என்று அறிவியல் டீச்சர் ஸ்கேலை விட்டார். பக்குவமாக, நாலு மாதம் உட்கார்ந்து போட்ட அட்டவணை இரண்டாகக் கிழிந்தது.

கணக்கு டீச்சருக்கு அழுகை முட்டியது.

“அழறதை நாளைக்கு வச்சுக்கலாம்” என்ற டிரில் மாஸ்டர், கழுத்தில் தொங்கிய விசிலை ஊதினார். “கிளம்புங்க!”

நாலு பேரும் தெருவில் ஓடினார்கள். ஓடும்போதே அவளுக்கு மனசு நெகிழ்ந்தது. புள்ளியியலை அரிச்சுவடியிலிருந்து சொல்லிக்கொடுத்தது அறிவியல் டீச்சர். மறுபரீட்சையன்று குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட் வாசலில் உட்கார்ந்திருந்தது நர்சரி டீச்சர். தினமும் காலை ஐந்து மணிக்கு போன் போட்டு எழுப்பியது டிரில் மாஸ்டர். இவர்கள் மட்டும் இல்லையென்றால் இன்று ஓடக்கூட ஒன்றும் இருந்திருக்காது.

இரண்டு பக்கத்தையும் புதிதாக அச்செடுத்து, அதே பைலில் வைத்து, ஆய்வேட்டோடு பைண்டிங்காரரிடம் நீட்டினார்கள். “எங்கே சேர்க்கணுமோ பார்த்துச் சேர்த்துடுங்க!”

“பார்க்கறதெல்லாம் என் வேலை இல்லைம்மா. குடுக்கறதைத் தைப்பேன்.”

தைத்துக் கொடுத்தார். ஐந்தடிக்க மூன்று நிமிடம் இருக்கும்போது நாலு பேரும் மூச்சிரைக்க அலுவலகத்துக்குள் நுழைந்தார்கள். கிளார்க்குக்கு ஒரு பழக்கம். பக்கம் பக்கமாக எண்ணிப் பார்க்காமல் முத்திரை குத்தமாட்டார். நூற்றுப் பதினெட்டில் அவர் விரல் நின்றது.

“குடும்பச் சூழ்நிலை காரணமாக...” என்று உரக்கப் படித்தார்.

பைலுக்குள் திணித்த அதே கடிதம்! கணக்கு டீச்சர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

“மன்னிச்சிடுங்க” என்று மூவரையும் பார்த்துச் சொன்னாள். “நீங்கல்லாம் கொஞ்சம்கூட அசையாம நின்னீங்க. நான்தான் பாதியில ஓடப் பார்த்தேன். உங்க மூணு பேர் முகத்தைப் பார்த்துட்டு இதைக் குடுக்க மனசு வரலை. இந்தப் பட்டம் உங்களாலதான்.”

அறிவியல் டீச்சர் மின்விசிறியைப் பார்த்தார். நர்சரி டீச்சர் கோந்து மூடியைத் திருகினாள். டிரில் மாஸ்டர் விசிலைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“இதை எடுக்கவேணாம். தலைப்புக்குப் பொருத்தமாத்தான் இருக்கு” என்று கிளார்க் முத்திரையைக் குத்தினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:

“நீங்களாவது எழுதினதோட விட்டீங்க. இவங்க மூணு பேரும் இதே மாதிரி எழுதி என்கிட்ட குடுத்தே விட்டாங்க. அப்புறம், ‘கணக்கு டீச்சரே விடாம வர்றாங்க, அவங்க மூஞ்சியில எப்படி முழிக்கறது’ன்னு, ஒருத்தருக்கொருத்தர் தெரியாம ஆளுக்கொரு நாள் வந்து திரும்ப வாங்கிட்டுப் போனாங்கம்மா.”