மான்சாவின் கல்யாணப் பாட்டை லேப்டாப்பில் ஏற்றியது பற்றி

கேப் கோஸ்ட்,
செவ்வாய்க்கிழமை காலை

அன்புள்ள தங்கை எவுராபேனாவுக்கு,

உன் அண்ணன் குவாமெனா எழுதிக்கொள்வது. நானும் உன் அண்ணி அராபாவும் கடவுள் கிருபையில் சுகம். சுன்யானியில் நீயும், உன் கணவர் குவான்சாவும், உன் மகள், மணப்பெண் மான்சாவும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். வலது முழங்கால் காரணமாகச் சனிக்கிழமை கல்யாணத்துக்கு வர இயலாது என்று முன்பே தெரிவித்திருந்தேன். அதற்கு ஈடாக, மான்சா தேவாலயத்துக்குள் நடந்து வருகையில் ஒலிக்க நானே ஒரு பாட்டு அமைத்து, பியானோவில் வாசித்து, லேப்டாப்பில் பதிந்து அனுப்புவதாக வாக்களித்தேன். அந்த வாக்கு பட்ட பாட்டை விவரிக்கவே இக்கடிதம்.

பாடகர் குழுவிலிருந்து நான் ஓய்வு பெற்றபோது கொடுத்தார்களே டிஜிட்டல் பியானோ, அதன் முதுகில் நாலு ஓட்டை இருக்கிறது. லேப்டாப்பின் விலாவில் மூன்று. எதை எதோடு சேர்ப்பது என்று இரண்டிலும் எழுதவில்லை. பியானோவில் ஹெட்ஃபோன் படம் போட்ட ஓட்டையில் ஒயரின் ஒரு முனையையும், லேப்டாப்பில் அதே படம் போட்ட ஓட்டையில் மறு முனையையும் செருகினேன், படம் ஒன்றாயிருந்தால் முறை சரிதான் என்று நினைத்து. உடனே பியானோ ஊமையாகிவிட்டது. சத்தமெல்லாம் ஒயர் வழியே உள்ளே போகிறது, அதனால்தான் வெளியே கேட்கவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஐந்து நிமிஷப் பாட்டையும் காதில் எதுவும் விழாமலே உருகி உருகி வாசித்து முடித்தேன். போட்டுப் பாத்தா பியானோவே இல்ல. கட்டையில விரல் படுற டொக் டொக்குதான் இருக்கு, அதுக்கு மேல உன் அண்ணி ஜன்னல்ல நின்னு மீன்காரிகிட்ட, "இது கண்ணப் பாத்தா போன வாரமே செத்த மாதிரி இருக்கே"ன்னு கேக்கறது, ரொம்பத் தெளிவா. அவ அதைக் கேட்டுட்டு, "என் குரல் நல்லாத்தான் விழுந்திருக்கு, மாஸ்டரே. மான்சா இதுக்கே நடந்து வரட்டும்"னா.

பக்கத்துத் தெருவுல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கற மேடம் கிறிஸ்டபெல்லக் கூட்டிட்டு வந்தேன். அவங்க குனிஞ்சு பாத்துட்டு, "மாஸ்டர், வாயையும் வாயையும் சேத்து வச்சிருக்கீங்க. ஒண்ணு பேசினா இன்னொண்ணு காதா இருக்க வேணாமா?"ன்னாங்க. உங்க லேப்டாப்புல அந்த ஓட்டைக்குக் காதே கிடையாதுன்னு சொல்லி, பிரிண்டருக்குப் போடற மாதிரி ஒரு யுஎஸ்பி ஒயரக் கொடுத்துட்டுப் போனாங்க. அதை மாட்டி வாசிச்சேன். திரையில பச்சைப் பச்சையா கோடு விழுந்துச்சு, எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. திரும்பப் போட்டா என் பாட்டுதான், ஆனா ஜலதோஷம் பிடிச்சவன் எக்காளம் ஊதற மாதிரி வருது. மறுபடி கடைக்கு ஓடினேன்.

"அந்த ஒயர்ல சத்தம் போகாது, மாஸ்டர். எந்தக் கட்டைய எப்ப அழுத்தினீங்கங்கற விவரம் மட்டும்தான் போகும்."

"சத்தம் இல்லாம பாட்டு எப்படிம்மா போகும்?"

"சமையல் குறிப்பு மாதிரின்னு வச்சுக்குங்க. சூப்பு போகாது."

அன்னைக்குப் பூரா இதையே யோசிச்சேன். இன்னும் புரியல.

மூணாவது நாள் பியானோவோட கரண்ட் ஒயரத் தவிர எல்லா ஒயரையும் பிடுங்கிப் போட்டுட்டு, லேப்டாப்போட சொந்த மைக்கே கேக்கட்டும்னு அத நாற்காலியில உக்கார வச்சு, ஜன்னலெல்லாம் சாத்தி, அராபாகிட்டயும் பேசக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டு வாசிச்சேன். பாதிப் பாட்டுல கரண்ட் போச்சு. பியானோ செத்துப்போச்சு, லேப்டாப்புல பேட்டரி இருக்கறதால அது மட்டும் கேட்டுக்கிட்டே இருந்திருக்கு. என்ன மாதிரி திருச்சபை மூப்பர் ஒருத்தர் சொல்லக்கூடாத ரெண்டு வார்த்தை அதுல இருக்கு. நேத்துதான் ஒரு தடவை முழுசா, சுத்தமா விழுந்துச்சு. ஆனா லேப்டாப்பு எல்லாத்துக்கும் 'பெயரற்றது'ன்னே பேர் வச்சிருக்கு, மொத்தம் பதினாலு. நல்லது எதுன்னு கண்டுபிடிக்கத் தெரியாம பதினாலையும் பென்டிரைவுல ஏத்திட்டேன். சுன்யானி பஸ் டிரைவர்கிட்டக் கொடுக்க அராபா இப்பதான் கிளம்பிப் போறா. சர்ச்சுல போடறதுக்கு முன்னாடி, போதகர் பக்கத்துல இல்லாதப்ப, ஒவ்வொண்ணா கேட்டுப் பாத்துக்கோ.

மான்சாவின் இல்லம் நிறைந்திருக்கவும், அவள் பானையில் என்றும் சூப் குறையாதிருக்கவும் ஆசீர்வதிக்கிறேன். மாப்பிள்ளை வீட்டாருக்கும் குவான்சாவுக்கும் என் மரியாதையைச் சொல்லவும்.

உன் அண்ணன்,
குவாமெனா அமிசா

பி.கு.: அராபா திரும்பி வந்துட்டா. பென்டிரைவக் கொடுக்கல. வியாழக்கிழமை பஸ்ஸுக்கு ரெண்டு டிக்கெட்டோட வந்து நிக்கறா. "நாலு நாளா மேசைக்கு அடியில தவழ்ந்து தவழ்ந்து ஒயர் மாத்தின மனுசனுக்கு முழங்கால் வலின்னா எவ நம்புவா?"ங்கறா. உண்மையச் சொல்லிடறேன். கால்ல ஒண்ணுமில்ல. போன வருஷம் பெரியம்மா அடக்கத்துல நான் வாசிச்சு முடிச்சதும் உன் வீட்டுக்காரர் அத்தனை பேர் முன்னாடியும், "மச்சான் இழுத்து இழுத்து வாசிக்கறதுக்குப் பெட்டிக்குள்ள இருக்கறவங்களே பொறுமை போய் எழுந்து நடந்து போயிருவாங்க"ன்னார். நீயும் சிரிச்ச. அதான் வர வேணாம்னு இருந்தேன். இப்ப வர்றேன். நானே உக்காந்து வாசிக்கறேன், மெதுவாத்தான் வாசிப்பேன். நம்ம வீட்ட விட்டுப் போற பொண்ணு, மெல்லவே நடக்கட்டும்னு குவான்சாகிட்டச் சொல்லு.