கரண்டு பாய் அணைத்த விளக்குகள்

பினாங்கில் ஓடிய மின்சாரம் முழுவதையும் ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்தவர் எங்கள் தெருவில்தான் இருந்தார். கரண்டு பாய் என்றால்தான் தெரியும். சொந்தப் பெயர் அவருக்கே மறந்துபோயிருக்கும்.

தொழில் தையல். உயிர் டிராலி பஸ். மேலே கம்பியைத் தொட்டுக்கொண்டு சத்தமில்லாமல் போகுமே, அது வந்ததிலிருந்து அவர் வேறு வண்டி ஏறியதில்லை. குதிரை லத்தி போடும், மோட்டார் புகை கக்கும், தைத்த வெள்ளைச் சட்டையைக் கொண்டு சேர்ப்பதற்குள் கறுத்துவிடும். இதுவோ புல்லும் தின்னாது, எண்ணெயும் குடிக்காது என்பார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

அவருடைய ஒரே கவலை கரண்டு. ஊருக்கெல்லாம் ஒரே பானைச் சோறு என்பது அவர் கணக்கு. நாம் விளக்குப் போட்டால் பஸ்ஸுக்குக் குறைந்துவிடுமாம். சாயங்காலமானால் வீடு வீடாகப் போய், ஒரு லைட் போதாதா என்று கேட்பார். நான் வேண்டுமென்றே இரண்டு போடுவேன்.

என் மனைவிக்குத் தலைப்பிரசவம். விளக்கு வைக்கும் நேரத்தில் வலி கண்டது. மருத்துவச்சியை அழைத்துவர மைத்துனன் ஜெலுத்தோங்குக்கு ஓடினான். போனவனைக் காணோம். உள்ளே அலறல் கூடிக்கொண்டே போனது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பாய் வந்து நின்றார். "தம்பி, மொதல்ல லைட்ட அணைங்க. அந்தம்மா பஸ்ஸுலதான வரணும்? கரண்டு பத்தாது லா."

வேறு நாளாயிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அன்று அவர் சொன்னபடி அணைத்துவிட்டுச் சிம்னி விளக்கை ஏற்றினேன். பாய் தெருவில் இறங்கி யாரிடம் என்ன சொன்னாரோ, ஒவ்வொரு வீடாக இருண்டது. சீனர் காப்பிக்கடைக் காற்றாடிகூட நின்றுவிட்டது.

பஸ் வந்தேவிட்டது! மருத்துவச்சி காலைக் கீழே வைத்ததும் பாய் குரல் கொடுத்தார்: "இப்ப போடுங்க."

தெரு முழுக்க ஒன்றாய் விளக்கு எரிந்தது. எல்லாம் தன்னை வரவேற்கத்தான் என்று நினைத்து அந்த அம்மாள் தலையை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனார். சற்றைக்கெல்லாம் குழந்தை வீரிட்டது. அப்பாடா என்று படியில் உட்கார்ந்து அழுதேன். பாய், கூடவே வந்திறங்கிய என் மைத்துனனிடம், "பஸ்ஸு நல்லா ஓடுச்சா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

வீட்டு விளக்கை அணைத்தால் பஸ் வேகமாக ஓடாது என்று மின்சாரம் படித்த நண்பர் ஒருவர் பிற்பாடு அடித்துச் சொன்னார். சொல்லட்டும். பாய் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார். அன்று பிறந்த என் மகள் அதே பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போய்வருகிறாள். மழை இருட்டில் அவள் வரத் தாமதமானால், எதற்கும் இருக்கட்டும் என்று விளக்கை அணைத்துவிட்டு வாசலில் நிற்கிறேன்.