சாரதியின் அசமந்தப் போக்கு

ஒரு சாண் நீளமுள்ள பொம்மை எஞ்சினுக்குக் கோயிலில் வாகனப் பூசை செய்வித்தவன், மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரைகளிலும் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். வேறு யாராவது இருந்தால் அவரைச் சந்திக்க விரும்புகிறேன். ஆறுதலாக இருக்கும்.

பூசைக்குக் காரணம் பக்தியல்ல, ஒரு செய்தி. அப்போது நான் பத்திரிகை ஒன்றின் பிரதேச நிருபர். மூன்று வருட அனுபவம், முப்பது வருடத் தலைக்கனம். ஒருநாள் கொழும்பு ரயில் மிகவும் பிந்தி வந்தது. நிலைய மேடையில் கோபமாக நின்ற ஒரு பயணி சொன்னதை அப்படியே எழுதி அனுப்பினேன்: “சாரதியின் அசமந்தப் போக்கே தாமதத்துக்குக் காரணம்.” இன்னொருவரையும் விசாரிக்க வேண்டும் என்பது தொழிலின் முதல் பாடம். விசாரித்திருந்தால், தண்டவாளத்தில் மாடுகள் படுத்துக் கிடந்ததும், சாரதியே இறங்கி அவற்றைத் துரத்தியதும் தெரிந்திருக்கும். அந்தச் சாரதி என் அக்காவின் கணவர் என்பதும் தெரிந்திருக்கும்.

அத்தான் சத்தம் போடவில்லை. செய்தியை நேராக வெட்டி (கத்தரிக்கோல் பிடிப்பதிலும் நிதானமானவர்), வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரியில் ஒட்டினார். அன்றோடு என்னுடன் பேசுவதையும் நிறுத்தினார். திருத்தம் போடும்படி ஆசிரியரிடம் கேட்க எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. ஒன்றரை வருடம் இப்படியே போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. அத்தான் எதிர்க் கதிரையில் இருந்துகொண்டு, “உன்ட தம்பிக்குச் சொதி வேணுமா எண்டு கேளு” என்று அக்காவிடம் சொல்வார். நானும் அக்காவிடம், “வேணும்” என்பேன்.

அவர் ஓய்வுபெறும் நாள் நெருங்கியபோது அக்கா தீர்ப்பு வழங்கினாள்.

“வேலைய விட்டு வாற அண்டைக்காவது அவரோட கதைச்சு முடி. இல்லாட்டி இஞ்ச சாப்பிட வராத.”

(அக்காவின் கணவாய்க் கறியைச் சாப்பிட்டவர்களுக்கு இந்தத் தண்டனையின் கடுமை புரியும்.)

வாயால் மன்னிப்புக் கேட்பதைவிட, என் கையால் ஒரு நீராவி எஞ்சின் செய்து கொடுப்பது சுலபம் என்று எனக்குத் தோன்றியது. அத்தான் வாழ்நாள் முழுவதும் ஓட்டியது டீசல் எஞ்சின். ஆனால் புகைபோக்கி இருந்தால்தான் எனக்கு அது எஞ்சின். அவருக்கு எது பிடிக்கும் என்று யாரிடமும் விசாரிக்கவில்லை. ஆம், மறுபடியும்.

முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்திருந்த ஒருவர், ரெசினில் அச்சிட்ட எஞ்சின் உடலைக் கொழும்பிலிருந்து தபாலில் அனுப்பினார். சாம்பல் நிறம். அச்சாகும்போது தாங்கிப் பிடித்த மெல்லிய தண்டுகள் உடலெங்கும் முட்களாக நின்றன. கூடவே இரண்டு பக்க அறிவுறுத்தல். செய்தியின் சாரம் முதல் பந்தியிலேயே வந்துவிட வேண்டும் என்று பழகியவன் நான். முதல் பந்தியை மட்டும் வாசித்தேன். ‘தண்டுகளை வெட்டி நீக்கவும்’ என்றிருந்தது. வெட்டினேன். அவற்றில் இரண்டு, தண்டுகளே அல்ல, எஞ்சினின் கைப்பிடிகள் என்பது பின்னர்தான் தெரிந்தது. தண்ணீருக்குள் வைத்துத் தேய்த்து, கறுப்பு வர்ணம் பூசி, தனியாக வாங்கிய மோட்டாரையும் சில்லுகளையும் கீழே பொருத்தினேன். ஒரு முழத் தண்டவாளத்தில் அது உண்மையாகவே ஓடியது. எனக்கே நம்ப முடியவில்லை.

அக்கா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“பூசை போட்டுத்தான் வீட்டுக்க எடுக்கணும்.”

“அக்கா, இது விளையாட்டுச் சாமான்.”

“சில்லு இருக்கா?”

“இருக்கு.”

“ஓடுமா?”

“ஓடும்.”

“மறுகா என்னகா கதை?” பிறகென்ன பேச்சு என்று அர்த்தம்.

ஓய்வுபெற்றதற்கான விருந்து நாள் காலை, அத்தான் வீட்டில் உறவினரை வரவேற்றுக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் எஞ்சினோடும் தண்டவாளத்தோடும் பிள்ளையார் கோயிலில் நின்றோம். ஐயர் எஞ்சினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சந்தனம் குழைத்தார். பொட்டு, பூச்சரம் எல்லாம் சரி. சரம்தான் எஞ்சினைவிட நீளம். சிக்கல், சில்லுக்கு அடியில் வைத்து நசிக்கும் தேசிக்காயில் வந்தது. அக்கா தன் மரத்திலேயே மிகச் சிறிய காய்களாகப் பறித்து வந்திருந்தாள். அப்படியும் ஒவ்வொரு காயும் சில்லைவிட உயரம்.

“நசியாட்டி பூசை பலிக்காது” என்றாள் அக்கா.

ஐயர் சற்று யோசித்து, காயை நறுக்கித் துண்டுகளைத் தண்டவாளத்தில் வைத்தார். நான் மோட்டாரின் ஆளியைப் போட்டேன். எஞ்சின் கம்பீரமாகப் புறப்பட்டு, முதல் துண்டில் மோதி, தடம் புரண்டு, விபூதித் தட்டில் போய் விழுந்தது. தூக்கி மறுபடி நிறுத்தினேன். ஐயர் கற்பூரம் கொளுத்தினார்.

“ஐயா, புகை வாற இடத்தில நல்லாக் காட்டுங்க” என்றாள் அக்கா.

ஐயர் நல்லாகவே காட்டினார். புகைபோக்கி முதலில் பளபளத்தது. பிறகு மிகுந்த பணிவோடு, பிள்ளையார் இருந்த திசையில் தலை சாய்த்தது. நுனியிலிருந்து கரும்புகை கிளம்பியது.

அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “பாத்தியா, புகை வருது! நல்லாத்தான் செஞ்சிருக்காய்.”

ஐயர் சொம்புத் தீர்த்தத்தை முழுவதுமாக ஊற்றினார். மோட்டார் ஒருமுறை விக்கி, நின்றது. நின்றதுதான். ‘வெப்பத்துக்கு அருகில் கொண்டுசெல்ல வேண்டாம்’ என்பது அறிவுறுத்தலின் கடைசிப் பந்தியில் இருந்தது.

வேறு பரிசு தேட நேரமில்லை. உறவினர் எல்லோரும் பார்த்திருக்க, ஈரப் பெட்டியை அத்தானிடம் நீட்டினேன். அவர் திறந்தார். நெற்றியில் பொட்டு, முதுகில் விபூதி, வளைந்த புகைபோக்கி, கைப்பிடிகள் இல்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டு, சில்லுகளைத் தட்டிப் பார்த்தார்.

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

“இத ஓட்டினது ஆரு?”

“நான்தான் அத்தான்.”

“அப்ப தெரியுதுதானே? சாரதியின் அசமந்தப் போக்கு.”

முதலில் சிரித்தது அக்கா. கடைசியில் அத்தான். சிரிப்பு அடங்குவதற்குள், “அண்டைக்கு நான் எழுதினது பிழை அத்தான், விசாரிக்கயில்ல” என்று சொல்லி முடித்தேன்.

“வாயால சொன்னாக் காணாது மனே. திருத்தம் போடு.”

அங்கேயே ஓர் அட்டை எடுத்து, என் வாழ்க்கையிலேயே மிகக் கவனமாக ஒரு செய்தி எழுதினேன்: ‘திருத்தம்: ரயில் தாமதத்துக்குக் காரணம் சாரதி அல்ல, மாடுகள்.’ அத்தான் வாசித்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ‘மாடுகள்’ என்பதை வெட்டி, மேலே ‘எருமைகள்’ என்று எழுதினார்.

“இதையும் விசாரிக்கயில்லதானே?” என்றார்.

எஞ்சின் இன்றும் அந்த அலுமாரியில் தலை சாய்த்து நிற்கிறது. ஒரு பக்கம் செய்தி, மறு பக்கம் திருத்தம். வீட்டில் சோறு அடிப்பிடித்தாலும், மழை வந்து கொடியில் உடுப்பு நனைந்தாலும், அங்கே யாரும் காரணம் தேடுவதில்லை. சாப்பாட்டு மேசையில் எல்லோரும் ‘சாரதியின் அசமந்தப் போக்கு’ என்று ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் சொதியை வாங்கி ஊற்றிக்கொள்வேன். இப்போதெல்லாம் அத்தானே நேராக நீட்டுகிறார்.