கிரேனும் தொண்டூராரும்

செஞ்சியில் தரையை விட்டு எழும்பக்கூடிய பொருள் எதுவாக இருந்தாலும், அதை ஒருமுறையாவது கிரேன் தூக்கியிருப்பார். மலைகள் மட்டும் தப்பின. மேலே கோட்டையைக் கட்டி வைத்துவிட்டதால் பிடிக்க இடமில்லை என்பது அவர் சொன்ன காரணம்.

திண்டிவனம் சாலையில் எங்கள் நைனாவுக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, வெளியூரில் வேலை கிடைக்கும்வரை நானும் அங்கே இருந்தேன். கிணற்று மோட்டார்களைச் சோதித்துப் பார்ப்பது என் பொறுப்பு. அவற்றை வண்டியிலிருந்து இறக்குவது கிரேன் பொறுப்பு. அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும், அதை யாரும் கேட்டதில்லை. அவரும் என் பெயரைக் கேட்டதில்லை. நான் அவருக்கு 'டிப்ளமோ'.

எந்தச் சுமையையும் அவர் விசாரிக்காமல் தொடமாட்டார். முதலில் குனிந்து மோட்டாரைத் தட்டிக்கொடுப்பார். "எந்த ஊரும்மா நீ? அனந்தபுரமா? ஏரித் தண்ணி குடிச்சு வளந்த உடம்பு, கனமாத்தான் இருப்ப." பிறகு துண்டைச் சுருட்டித் தோளில் வைத்து, சிணுங்குகிற குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்குவார். விசாரிக்காமல் தூக்கினால் சுமை கோபித்துக்கொண்டு காலில் விழும் என்பது அவருடைய பொறியியல். என் பாடப்புத்தகத்தில் அது இல்லை. ஆனால் அவர் காலில் எதுவும் விழுந்ததுமில்லை.

ஒருநாள் வங்கி அதிகாரி ஒருவர் கடை வாசலை மறித்து ஸ்கூட்டரை நிறுத்தி, அதன் மேலேயே உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். கிரேன் தொண்டையைச் செருமிப் பார்த்தார். பலனில்லை. ஸ்கூட்டரை ஆளோடு சேர்த்து முன்னும் பின்னுமாகத் தூக்கித் தூக்கி நகர்த்திப் பக்கத்துக் கடை வாசலில் வைத்தார். அதிகாரி பேச்சை நிறுத்தவில்லை. போனை வைத்த பிறகுதான், எதிரே இருந்த மருந்துக்கடை ஜூஸ் கடையாக மாறியிருப்பதைக் கண்டு திகைத்தார்.

இப்படிப்பட்டவர் ஒரு மழைக்காலத்தில் இருமும்போதெல்லாம் அடிவயிற்றின் வலது ஓரத்தைக் கையால் பொத்திக்கொள்ள ஆரம்பித்தார். நான் பட்டறைக்குள் வந்தால் நைனாவோடு பேசிக்கொண்டிருப்பதைச் சட்டென்று நிறுத்துவார். பிறகு இருவரும் தொண்டூராரைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

தொண்டூரார் என்பது நிஜத்தில் கிரேனின் மாமனார். தொண்டூரிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வருவார், ஒரு மூலையில் உட்காருவார், வீட்டில் பாயை விரித்ததும் எழுந்து போய்விடுவார். கிரேனின் தொடை இடுக்கில் வந்திருந்த வீக்கத்துக்கும் அதே குணம். நின்றால் வரும், சுமை தூக்கினால் நன்றாகவே வரும், படுத்தால் போய்விடும். வயசுப் பெண்ணான நான் இருக்கும் கடையில் அந்த இடத்தைப் பற்றி வாய்விட்டுப் பேசக் கூச்சப்பட்டுத்தான் இந்தப் பெயரை வைத்தார்கள். எனக்கு மறுநாளே புரிந்துவிட்டது, அவர்கள் கூச்சத்தைக் கெடுக்க வேண்டாமென்று புரியாததுபோல் இருந்தேன்.

பெயர் வைத்ததில் ஒரு கெடுதல் நடந்தது. வீக்கத்தைக் கண்டால் பயம் வரும், மாமனாரைக் கண்டால் மரியாதைதான் வரும். கடைக்கு வருகிறவர்கள்கூட, "தொண்டூரார் சௌக்கியமா?" என்று விசாரித்தார்கள். கிரேன் பழைய சைக்கிள் ட்யூபை இடுப்பில் இறுக்கிக் கட்டி, அவருக்குக் கதவு போட்டிருப்பதாகச் சொல்லிக்கொண்டார்.

அரசு மருத்துவமனையில் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கப் போனபோது, அங்கிருந்த டாக்டர் அம்மாவிடம் கேட்டேன். அது குடலிறக்கமாக இருக்கலாம், வீக்கம் வந்து வந்து போய்க்கொண்டிருக்கும்வரை ஒரு நாள் பார்த்து நிதானமாக அழைத்து வா, ஆனால் கட்டாயம் அழைத்து வா என்றார். போகாமல் தங்கிவிட்டாலோ, கல்லுபோல் இறுகி வலித்தாலோ, வாந்தி வந்தாலோ, நாள் பார்க்காதே. அழுத்தி உள்ளே தள்ளாதே, தண்ணீர்கூடக் கொடுக்காதே, அந்த நிமிஷமே கிளம்பு என்றார்.

நான் அதை மோட்டார் பாஷையில் கிரேனுக்குச் சொன்னேன். சத்தம் போட்டுக்கொண்டாவது ஓடுகிற மோட்டாரைச் சந்தை முடிந்து கடைக்கு எடுத்துவரலாம், உறுமிக்கொண்டு ஓடாமல் நிற்கிற மோட்டாரை உடனே நிறுத்தாவிட்டால் காயில் கருகிவிடும் என்றேன். அவர் முழுவதையும் மரியாதையாகக் கேட்டார்.

"மோட்டாருன்னா புதுக் காயில் கட்டுவீங்க. என்னை அறுத்துத் தச்சுட்டு, இனிமே எதையும் தூக்காதன்னு சொல்லிடுவாங்க. தூக்காத கிரேனை எவன் கூப்புடுவான் டிப்ளமோ?"

மார்க்கெட் கமிட்டியில் மூட்டை இறக்கும் வேலையும் அவருக்கு இருந்தது. நெல் வரத்து முடியட்டும் என்றார். பிறகு மணிலாக் கடலை வரத்து முடியட்டும் என்றார். மார்க்கெட் கமிட்டியில் வரத்து எப்போது முடிந்திருக்கிறது?

ஒரு காலைப் பொழுது. பனமலையிலிருந்து ஒரு மோட்டார் மினி லாரியில் வந்து, வாசலில் தள்ளிவிடப்பட்டிருந்தது. கிரேன் அதைப் பார்த்தார். ஊரைக் கேட்கவில்லை. பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"இன்னாயா, தொண்டூரார் வந்துட்டாரா?" என்றார் நைனா.

"விடியக்காலையிலயே வந்துட்டாரு முதலாளி. படுத்தும் பாத்தேன், போகல. இன்னிக்குத் தங்கிட்டுத்தான் போவாரு போலருக்குது."

நைனா சிரித்தார். வாசலில் நின்ற லாரிக்காரரும் சிரித்தார். கிரேனும் சிரிக்கப் போய், பாதியில் எழுந்து சாக்கடை ஓரம் வாந்தி எடுத்தார். நைனா பதறி சோடா வாங்க ஓடப் பார்த்தார். நான் தடுத்தேன்.

"சோடா வேணாம் நைனா, ஆட்டோ கூப்புடுங்க."

உடனே கிரேனுக்கு வேலை ஞாபகம் வந்துவிட்டது. பனமலை மோட்டாரை உள்ளே வைத்துவிட்டு வருவதாகத் துண்டைச் சுருட்டினார். முகம் வெளுத்திருந்தது. வேறு வழி தெரியாமல் நான் போய் அந்த மோட்டாரின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"எழுந்திரு டிப்ளமோ."

"மாட்டேன். ஸ்கூட்டரை ஆளோடதானே தூக்குனீங்க? என்னையும் சேத்துத் தூக்குங்க."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. அவர் தூக்கக்கூடியவர். குனிந்தார், கைகளை மோட்டாரின் அடியில் கொடுத்தார், என்னைப் பார்த்தார். பிறகு கைகளை மெல்ல வெளியே எடுத்துக்கொண்டார்.

"ஆட்டோ வருதா பாரு," என்றார்.

அரசு மருத்துவமனையில் பார்த்தவுடன் ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஸ்ட்ரெச்சரைத் தூக்க நான்கு பேர் வந்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாகச் சுமையாகிப்போன கிரேன், வலியில் பல்லைக் கடித்தபடியே, "முட்டியை மடக்கித் தூக்குங்கயா, முதுகு போயிடும்," என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அன்றே அறுவை சிகிச்சை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்திருக்க வேண்டும் என்றாராம் டாக்டர்.

நிஜத் தொண்டூரார் பார்க்க வந்தார். வார்டு மூலையில் பேசாமல் உட்கார்ந்தார். சாயங்காலம் கிரேனின் மனைவி பாயை விரித்ததும் எழுந்து கிளம்பினார். "இவராவது போயிடறாரே," என்றார் அந்த அக்கா. தையல் பிரிந்துவிடுமென்று கிரேன் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல.

ஆறிய பிறகும் பெரிய சுமை வேண்டாமென்று டாக்டர் சொல்லிவிட்டார். நைனா சுமை தூக்கும் சங்கிலிக் கப்பியான செயின் பிளாக் ஒன்றை வாங்கி உத்திரத்தில் மாட்டி, அதன் சங்கிலியைக் கிரேனின் கையில் கொடுத்தார். வழக்கமான விசாரணை முடிந்த பிறகுதான் சங்கிலியை இழுக்கிறார். செஞ்சியில் யாரும் பெயரை மாற்றிக் கூப்பிடவில்லை.

எனக்குச் சென்னைப் பக்கம் வேலை கிடைத்ததும் போய்விட்டேன். விடுமுறைக்கு வந்து இறங்கினால், பஸ் நிலையத்தில் தோள் துண்டோடு நிற்பார். என்னைக் கவனிக்காமல் நேராக என் பையைத் தட்டி, "எந்த ஊரும்மா நீ? மெட்ராஸா?" என்று விசாரிப்பார். பிறகு முட்டியை மடக்கித் தூக்கி, "நல்ல கனம் டிப்ளமோ," என்பார்.

செஞ்சிக்குக் கிளம்பும்போது அந்தப் பையில் நான் இரண்டு துணிக்கு மேல் வைப்பதில்லை.